மொபைல் மெனு: செக்பாக்ஸா, ஜாவாஸ்கிரிப்ட் பட்டனா, பாப்ஓவரா?

திரை சுருங்கியதும் நேவிகேஷன் பாரின் இணைப்புகள் மறைந்து மூன்று கோடு பட்டன் வர வேண்டும், அதைத் தொட்டால் மெனு திறக்க வேண்டும். இதற்குப் பரவலாகக் கையாளப்படும் வழிகள் மூன்று. சரியாக எழுதினால் மூன்றும் ஓடும். ஆனால் ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு. தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

மெனுவில் கை வைக்கும் முன் ஒரு சோதனை. கணினியில் ஜன்னலைச் சுருக்கினால் பட்டன் வருகிறது, போனில் மட்டும் வராமல் முழுப் பக்கமும் பொடிப்பொடியாகத் தெரிகிறது என்றால், பக்கத்தைப் போனின் அகலத்துக்கு அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் விடுபட்டிருக்கிறது. அது இல்லாத பக்கத்தைப் போன் பிரவுசர்கள் பொதுவாக 980 பிக்சல் அகலமாக எடுத்துக்கொள்ளும். அகலம் 768 பிக்சலுக்குக் கீழ் என்று எழுதிய மீடியா குவெரிக்கு (திரை அளவைப் பார்த்து ஓடும் சிஎஸ்எஸ் விதி) அங்கே வேலையே இல்லை.

செக்பாக்ஸ் வழியில் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். மறைத்து வைத்த ஒரு செக்பாக்ஸ், அதற்கு ஒரு லேபிள், டிக் விழுந்தால் மெனுவைக் காட்டும் சிஎஸ்எஸ் விதி, அவ்வளவுதான். செக்பாக்ஸை டிஸ்ப்ளே நன் (display: none) கொடுத்து மறைத்தால் டேப் விசை அதைத் தாண்டிப் போய்விடும், விசைப்பலகையால் மெனுவைத் திறக்கவே முடியாது. பார்வைக்கு மட்டும் மறைத்தாலும், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதை மெனு என்று சொல்லாது, டிக் பெட்டி என்றே படிக்கும். ஒற்றைப் பக்கச் செயலியில் இன்னொரு தொல்லை: இணைப்பைத் தொட்டதும் பக்கம் புதிதாக ஏறாது என்பதால் டிக் அப்படியே நிற்கும், மெனு புதிய பக்கத்தை மூடிக்கொண்டிருக்கும். நாலைந்து பக்கம் கொண்ட தளத்துக்குப் போதும். செயலிக்கு வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட் பட்டன்தான் அதிகம் புழங்குவது, அதிகம் பழுதாவதும் அதுவே. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலிலும் பிழை இல்லை. பல நேரம் மெனு திறந்து, அதே கிளிக்கில் மூடியும் இருக்கும். உறுதிசெய்ய, பிரவுசரின் டெவ்டூல்ஸில் மெனு எலிமெண்டின் மேல் வலது கிளிக் செய்து, ஆட்ரிபியூட் மாறும்போது நிற்கும்படி பிரேக்பாயிண்ட் வையுங்கள். ஒரு கிளிக்குக்கு இருமுறை நின்றால் நோய் இதுதான். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். வெளியே தொட்டால் மூட வேண்டும் என்று டாக்குமெண்டில் வைத்த லிசனர் (கிளிக்கைக் கவனிக்கும் நிரல்), திறந்த கிளிக்கையே வெளிக் கிளிக்காக எண்ணியிருக்கலாம்; கிளிக் பட்டனுக்குள்ளோ மெனுவுக்குள்ளோ விழுந்தால் அதை விட்டுவிடும்படி எழுத வேண்டும். அல்லது லிசனர் இருமுறை பதிவாகியிருக்கலாம். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் 18-ஆம் பதிப்பு முதல், ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை அமைப்பு டெவலப்மெண்டில் எஃபெக்ட்டை (லிசனரைப் பதியும் இடம்) இருமுறை ஓட்டும், பதிந்ததை நீக்கும் கிளீனப் எழுதாதவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

பூட்ஸ்டிராப் என்ற சிஎஸ்எஸ் நூலகத்தின் 4-லிருந்து 5-க்கு மாறிய செயலி என்றால் முதலில் பட்டனின் ஆட்ரிபியூட் பெயரைப் பாருங்கள். டேட்டா-டாகிள் என்பது டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆகிவிட்டது. பழைய பெயர் இருந்தால் பட்டன் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும்.

மெனு திறக்கிறது, ஆனால் ஹெடரின் உயரத்துக்குள்ளேயே நசுங்கி நிற்கிறதா? ஹெடருக்கு டிரான்ஸ்ஃபார்மோ, கண்ணாடி மங்கலுக்காக பேக்டிராப் ஃபில்டரோ கொடுத்திருப்பீர்கள். அப்போது உள்ளே இருக்கும், திரையோடு ஒட்டி நிற்க வேண்டிய பொசிஷன் ஃபிக்ஸ்டு மெனு, திரையை விட்டுவிட்டு ஹெடரையே எல்லையாகக் கொள்ளும். எது மேலே என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸை மெனுவுக்கு 9999 ஆக்கினாலும் பயனில்லை. ஹெடர் தனி அடுக்காகிவிட்டதால் அந்த எண்ணுக்கு ஹெடருக்கு வெளியே மதிப்பு கிடையாது. மெனுவை ஹெடருக்கு வெளியே எடுத்து வைப்பதுதான் தீர்வு.

மூன்றாவது வழியான, பிரவுசரிலேயே உள்ள பாப்ஓவர் முந்துவது இந்த இடத்தில்தான். மெனுவுக்கு பாப்ஓவர் ஆட்ரிபியூட், பட்டனுக்கு பாப்ஓவர்டார்கெட், அதில் மெனுவின் ஐடி. திறந்த மெனுவை பிரவுசர் எல்லா அடுக்குகளுக்கும் மேலே ஏற்றிவிடுவதால் மேலே சொன்ன நசுங்கலும் இசட்-இண்டெக்ஸ் சண்டையும் இல்லை. எஸ்கேப் விசையில் மூடுவதும் வெளியே தொட்டால் மூடுவதும் இலவசம். குரோம் 114, சஃபாரி 17, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்கும் செயலிக்கு இதையே எடுக்கலாம்.

இதிலும் பொறி உண்டு. மெனு திரையின் நடுவில் மிதந்தால், அது பிரவுசரே கொடுக்கும் இன்செட், மார்ஜின் (இருப்பிட, இடைவெளி) மதிப்புகளின் வேலை. இரண்டையும் நீங்களே எழுதி மாற்றுங்கள். மெனு மூடவே மாட்டேன் என்றால், அதற்கு டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ் கொடுத்திருப்பீர்கள். மூடிய பாப்ஓவரை மறைக்கும் பிரவுசர் விதியை உங்கள் விதி வென்றுவிடுகிறது. ஃபிளெக்ஸைத் திறந்த நிலைக்கு மட்டும் எழுதுங்கள். வேடிக்கை என்னவென்றால், அகலத் திரையில் இதே தவறுதான் தேவை: மீடியா குவெரிக்குள் ஃபிளெக்ஸும் பொசிஷன் ஸ்டாட்டிக்கும் கொடுத்தால், பாப்ஓவர் மூடியிருந்தபடியே சாதாரண பாராக வரிசையில் நிற்கும்.

மெனு திறந்திருக்கும்போது டேப்லெட்டைத் திருப்பினால் மட்டும் அது மேலடுக்கிலேயே ஒட்டிக்கொண்டு ஹெடருக்கு மேல் மிதக்கும். திரை அளவு மாறுவதைச் சொல்லும் மேட்ச்மீடியாவின் மாற்றத்தைக் கவனித்து, மெனுவை மூடும் ஹைட்பாப்ஓவரை அழையுங்கள். மெனுவுக்குள் இருக்கும் இணைப்பைத் தொட்டாலும் பாப்ஓவர் தானாக மூடாது என்பதால், ரவுட் (செயலிக்குள் பக்க முகவரி) மாறும் இடத்திலும் அதே அழைப்பு வேண்டும்.