ஹேண்ட்லர் பயிற்சி என்ற பெயரில் என் 4,200 ரிங்கிட் போனது: கோலாலம்பூர்க்காரர்கள் கவனிக்கவும்

நாய்க் கண்காட்சியில் ஹேண்ட்லராக, அதாவது நாயை நடுவர் முன் நிறுத்தி ஓட்டிக் காட்டுபவராக, வேண்டும் என்ற ஆசையோடு முகநூல் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோலாலம்பூர்த் தமிழர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டியது 4,200 ரிங்கிட். அதில் 3,000 பயிற்சிக்கு; 1,200 என் நாய்க்குப் 'பேப்பர்', அதாவது வம்சச் சான்றிதழ், எடுத்துத் தருவதற்கு. பயிற்சி பாதியில் நின்றது, பேப்பர் வரவே இல்லை, நேற்றிரவு பயிற்சி நடத்திய மனிதர் என்னைப் புலனக் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்.

நாய்ப் பண்ணையும் பயிற்சியும் சேர்த்து நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் அவர். 'நாயைப் பார்க்காமல் நான் யாரையும் சேர்ப்பதில்லை' என்று சொல்லிச் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்தார். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் புதியவர் யாரையும் கேட்டைத் தாண்ட விடாது. அவரிடமோ முகர்ந்து பார்த்துவிட்டு அடங்கி நின்றது. இந்த இனத்தை மற்ற நாய்களைப் போல் நான்கு கால்களையும் சதுரமாக வைத்து நிறுத்துவதில்லை. பின்னங்கால்களில் ஒன்றை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, மற்றொன்றைப் பின்னே நீட்டி நிறுத்த வேண்டும். 'ஸ்டாக்' என்று சொல்லப்படும் அந்த நிலையில் அவர் எங்கள் வாசலிலேயே நாயை நிறுத்திக் காட்டி, "தங்கச்சி, இது ரிங்குக்குன்னே பொறந்த நாய்" என்றார். ரிங் என்பது கண்காட்சியில் நாயை நடுவருக்குக் காட்டும் களம். அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கிளம்பிப் போனார். அவர் பணம் கேட்காமல் போனதுதான் எங்கள் வீட்டில் எல்லாரையும் நம்ப வைத்தது. அன்றிரவே, இன்னும் இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன, விடிவதற்குள் கட்டினால் பேப்பர் வேலையையும் சேர்த்துச் செய்து தருகிறேன் என்று செய்தி வந்தது. வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, மனைவியின் கணக்கு என்றார்.

பயிற்சி பூச்சோங் பக்கத்தில் ஒரு ஃபுட்சால் மைதானத்தில் நடந்தது. நாயோடு வட்டமாக ஓடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். முக்கோணமாக ஓட்டிக் காட்டுவது, நேராகப் போய்த் திரும்பி வருவது, நாயை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடுவரின் பார்வையை நம் உடம்பு மறைக்காதபடி நகர்வது, நடுவர் கேட்டதும் உதட்டை விலக்கிப் பற்களின் அமைப்பைக் காட்டுவது, அந்நியர் கை உடம்பெல்லாம் தடவினாலும் நாய் அசையாமல் நிற்கப் பழக்குவது, இவையெல்லாம்தான் ஹேண்ட்லரின் அடிப்படைப் பாடம் என்பதை நான் பிறகு ஒரு கண்காட்சிக்குப் பார்வையாளராகப் போய் ரிங் ஓரத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். அங்கே பல வருடங்களாக நாய் வளர்த்துவரும் ஒரு சீன அம்மையார், இரண்டு நாய்களுக்குச் சீவிவிட்டுக்கொண்டே, ஒரு காசு வாங்காமல் எனக்கு விளக்கினார். நான் 4,200 ரிங்கிட் கொடுத்தும் கேட்காத விளக்கம் அது.

பேப்பர் விஷயமும் அந்த அம்மையாரிடம் பேசியபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பெடிகிரி சான்றிதழ் என்பது நாயின் வம்சப் பதிவு. தாயும் தந்தையும் பதிவு பெற்றவையாக இருந்து, அந்த ஈற்றுக் குட்டிகளை வளர்ப்பாளர் மலேசியக் கென்னல் சங்கத்தில் பதிவு செய்திருந்தால்தான் அது இருக்கும். வளர்ந்த நாய்க்கு நடுவில் யாரோ ஒருவர் 1,200 ரிங்கிட் வாங்கிக்கொண்டு முளைக்க வைக்கக்கூடியது அல்ல. கண்காட்சியில் கலந்துகொள்வதற்கான நுழைவுப் பதிவும் முன்கூட்டியே முடிந்துவிடும். 'அன்னைக்குக் காலையில வந்து பேர் குடுத்துக்கலாம்' என்று பயிற்சி நடத்தியவர் சொன்னது பச்சைப் பொய். எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது இதுதான்: ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்க வேண்டும் என்பதை நடுவர் தொட்டே பார்ப்பார். எங்கள் நாய்க்குக் கருத்தடை செய்து வெகு காலமாகிறது. எங்கள் வாசலில் பின்னங்கால்களைத் தன் கையாலேயே எடுத்து வைத்தவருக்கு அது கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

அந்த ஆளிடம் கேட்கப் போனபோது பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில், சங்கத்தில் கோப்பு நிலுவையில் இருக்கிறது என்றார். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்றால் பேச்சை மாற்றி, என் பண்ணை நாயை உங்களுக்கு ஓட்டக் கொடுக்கிறேன் என்றார். அந்த நாயைக் கேட்டால் அது குட்டி போட்டிருக்கிறது, தீபாவளி கழியட்டும் என்றார். தீபாவளி கழிந்ததும், "இந்தத் துறைக்குப் பொறுமை வேணும் தங்கச்சி, உங்களுக்கு அது இல்ல" என்ற அறிவுரை. ரசீது கேட்டதற்கு, வங்கிப் பரிமாற்றச் சீட்டே போதுமே என்றார். 4,200 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று குழுவில் எல்லாரும் பார்க்க எழுதியபோதுதான் நீக்கப்பட்டேன். அந்தக் குழுவில் இன்னும் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ!

ஹேண்ட்லராக எப்படித் தொடங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில வார்த்தைகள் மட்டும். உங்கள் நாய்க்குப் பதிவு இருக்கிறதா என்பதை முதலில் நீங்களே சங்கத்திடம் கேளுங்கள். பதிவில்லாத நாயை வைத்துக்கொண்டு ரிங் ஆசை வேண்டாம். கண்காட்சிக்குப் போய், நாய் வைத்திருப்பவர்களிடம் பேசி, அவர்களுக்குக் கை உதவி செய்து கற்றுக்கொள்ளலாம். வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள். கணக்கு வேறு பெயரில் இருந்தால் அந்த எண்ணை, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை. ஏமாந்த பிறகு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் பரிமாற்றச் சீட்டையும் புலனச் செய்திகளையும் அழித்துவிடாமல், இன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.