பிரெஞ்சு இலக்கணத்துக்கு ஆங்கி செயலி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரைக்காலில் பிரெஞ்சு கற்பவர்களுக்குக் குறைவில்லை. 1962-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கல்யாணமாகிப் பாரீஸ் போகிறவர்களும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதுகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் வரும் இலக்கணச் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். சில வருடங்களாக அவற்றை ஆங்கியில் அட்டை போட்டுப் படித்து வருகிறேன். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை; மறக்காமலிருக்க, செயலி அதை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி கேட்கும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. இணையம் இல்லாமலும் ஓடும் என்பதால் கும்பகோணம் பஸ்ஸில் சிக்னல் போனாலும் கவலையில்லை.

பெயர்ச்சொல்லின் பாலுக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. மேசை ஏன் பெண்பால், புத்தகம் ஏன் ஆண்பால் என்று கேட்டுப் பயனில்லை, மனதில் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அட்டையில் 'லேக்கோல்' என்று எழுதினால், முன்னால் வரும் 'லா' சுருங்கி பால் மறைந்துவிடும். பெண்பாலைக் காட்டும் 'உய்ன்' சேர்த்து 'உய்ன் எக்கோல்' என்று எழுதுங்கள்.

இறந்தகாலத்தில் துணைவினையாக எப்போது 'எத்ர்' (இரு), எப்போது 'அவுவார்' (வைத்திரு)? இங்கே தமிழ் கைகொடுக்கிறது. மாடிக்கு ஏறினேன் என்றால் 'எத்ர்' வரும்: 'ழ சுயி மோந்தே'. பெட்டியை ஏற்றினேன் என்றால் 'அவுவார்': 'ழே மோந்தே லா வாலீஸ்'. இறங்கினேன், இறக்கினேன் என்பதும் அப்படியே. படிக்கட்டு மட்டும் இதற்குள் அடங்காது: நாம் 'படி ஏறினேன்' என்போம், அங்கே படி செயப்படுபொருள், அதனால் 'அவுவார்'. அதற்குத் தனி அட்டை போட்டுவிடுங்கள்.

இத்தனை காலமாக என்று சொல்லும் 'தெப்புயி' இன்னும் சுலபம். 'பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைத்தான் பிரெஞ்சும் சொல்கிறது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள். ஆகவே, மறுபக்கம் ஆங்கிலம் இருக்கும் ஆயத்த அட்டைகளை இறக்கிக்கொள்ளாமல், தமிழ் வைத்து நீங்களே செய்வது நல்லது. நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

இறந்தகாலத்தில் முடிந்த செயலைச் சொல்லும் பாஸே கோம்போசேயா, வழக்கத்தையும் பின்னணியையும் சொல்லும் எம்பார்ஃபேயா என்ற கேள்விக்கு மட்டும் ஆங்கி போதாது. 'பத்து வருஷம் அங்கே வேலை பார்த்தேன்' என்பது நீண்ட காலம்தான், ஆனாலும் முடிந்த கணக்கு, எனவே பாஸே கோம்போசே. நீளம் இங்கே பேச்சே இல்லை. இது ஒற்றை வாக்கியத்தில் பிடிபடாது, கதையாகக் கேட்க வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தாத்தா பாட்டி யாராவது தெரிந்தவராக இருந்தால், அவர்கள் சின்ன வயதுக் கதையைப் பிரெஞ்சிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. நாளுக்கு 20 புது அட்டை என்பது செயலியின் தொடக்க அமைப்பு. வேலைக்குப் போகிறவர்கள் அதை 5 ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் மாங்கனித் திருவிழா முடிந்து திறக்கும்போது பாக்கி மலைபோல் நிற்கும்.