தாயத்துச் சட்டையின் நகல்: அழகு உண்டு, கணக்கு உதைக்கிறது

இஸ்தான்புல்லின் பெரிய சந்தையை ஒட்டிய துணிக்கடை ஒன்றில், ஒட்டோமான் அரண்மனையின் தாயத்துச் சட்டைகளைப் பார்த்து அச்சிட்ட பருத்திச் சட்டை ஒன்றை வாங்கினேன். போரிலும் நோயிலும் உடுத்தியவரைக் காக்கும் என்ற நம்பிக்கையில் குர்ஆன் வசனங்களும் இறைநாமங்களும் எண்கட்டங்களும் எழுதப்பட்ட இத்தகைய சட்டைகளின் பெருந்தொகுப்பு தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது.

துணியிலும் தையலிலும் குறை சொல்ல இடமில்லை. எழுத்தில்தான் சறுக்கல். அக்காலக் கைவினைஞர்கள் பருத்தித் துணிக்குப் பசையேற்றி, தேய்த்துக் காகிதம்போல வழவழப்பாக்கிய பின்னரே மையும் பொன்னும் தீட்டினார்கள். அதனால் எவ்வளவு பொடி எழுத்தும் பரவாமல் நின்றது. இந்த நகலிலோ சாயம் நூலோடு கசிந்து, எழுத்துகளின் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அரபியில் ஒரு புள்ளி இடம் மாறினால் எழுத்தே மாறிவிடும்.

எண்கட்டங்களின் நிலை இன்னும் மோசம். 1 முதல் 9 வரை எண்களை நிரப்பிய மூன்றுக்கு மூன்று கட்டத்தில் குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15 வரவேண்டும். என் சட்டையின் நடு வரிசையில் 3, 5, 8 என்று இருக்கிறது, கூட்டினால் 16. அரபி எழுத்தோடு வரும் எண்வடிவங்களில் 7-ஐ (٧) தலைகீழாக்கினால் 8 (٨) ஆகிவிடும் என்பதால், நகலெடுத்தவர் அந்த ஓர் எண்ணைக் கவிழ்த்துப் பதித்திருக்க வேண்டும். பிஸ்மில்லாவுக்கு 786 என்று நம் ஊர்க் கடைப் பலகைகளில் எழுதுவதும், ஒவ்வொரு அரபி எழுத்துக்கும் எண்மதிப்புத் தரும் ‘அப்ஜத்’ கணக்குதான். அந்த மரபில் எண்ணை வெறும் பூவேலையாகக் கருத இயலாது.

ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத்தின் மகன் ஜெமுக்காகச் செய்த சட்டை, 1477 மார்ச் 30 அன்று தொடங்கி 1480 மார்ச் 29 அன்று முடிந்ததாக அதிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டு உழைப்பு! (அண்ணன் இரண்டாம் பயசீதிடம் அரியணையை இழந்த ஜெம், 1495-இல் அயல்நாட்டுக் காவலிலேயே இத்தாலியில் இறந்தார், சட்டை காத்ததா என்பது வேறு வழக்கு.)

என் சட்டையின் கழுத்துப் பட்டைச் சீட்டில் ‘இயந்திரத்தில் துவைக்கலாம்’ என்று இருப்பதைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. இறைவசனம் தாங்கிய துணியை அன்றாடம் உடுத்தப் பலர் தயங்குவார்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு இது போதும். வாங்க விரும்புவோர் விலை பேசுவதற்கு முன் கட்டங்களை ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்ளவும்.