கொட்டியாரக்குடாவில் ஒரு போத்தல் தண்ணீர்: சிப்பா, சுழற்சியா?

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கும் இடத்தில் ஒரு போத்தல் தண்ணீர் மொண்டு வந்தால் அதில் இரண்டு விதமான கூட்டம் இருக்கும். ஒன்று பற்றீரியாக்கள். கடல்நீரில் பொதுவாக மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் வரை இருக்கும். மற்றது அவை தங்கள் மென்சவ்விலிருந்து கிள்ளி வெளியே விடும் குமிழ்கள், அதாவது புறக்கலக் குமிழ்கள். பெரும்பாலும் 20 முதல் 250 நனோமீற்றர் அளவில் இருப்பதால் சாதாரண நுணுக்குக்காட்டியில் இவற்றின் உருவம் தெரியாது.

இங்கே உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பது, இவற்றை ஆராய நுண்பாய்மச் சிப் (மிக ஒடுங்கிய சந்துகளில் சிறிதளவு திரவத்தை ஓடவிடும் சிறு தகடு) நல்லதா, தட்டில் வளர்ப்பது, மையநீக்கியில் சுழற்றுவது போன்ற பழைய முறைகளே போதுமா என்று. பற்றீரியாவுக்கு ஒரு பதிலும் குமிழுக்கு வேறொரு பதிலும்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் பற்றீரியா. ஏகார் தட்டில், அதாவது பற்றீரியா வளர்க்கும் கூழ்த் தட்டில், கடல்நீரைத் தடவினால் நூற்றில் ஒன்றுகூட முளைக்காது. வேகமாக வளர்பவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மெதுவாக வளர்பவை கண்ணில் படாமலே போகும். குடுவையில் வளர்த்தால் கிடைப்பது கோடிக்கணக்கான கலங்களின் சராசரி மட்டுமே. தனி ஒன்றின் கதை அதில் இல்லை.

சிப் இந்த இடத்தில்தான் வெல்கிறது. எண்ணெய்க்குள் மிதக்கும் நீர்த்துளி ஒவ்வொன்றிலும் ஒரேயொரு பற்றீரியாவை அடைத்துவிட்டால் மெதுவாக வளர்வதற்கும் தனி வீடு கிடைத்துவிடும். இன்னொரு வடிவம் 2010இல் வந்த 'தாய் இயந்திரம்'. ஒரு மைக்ரோமீற்றர் அளவே அகலமான, ஒரு முனை அடைத்த சந்துகளில் பற்றீரியாக்கள் வரிசையாக நிற்கும். உள்முனையில் இருக்கும் தாய் அங்கேயே தங்கும். பிறக்கும் பிள்ளைகள் வாசலை நோக்கித் தள்ளப்பட்டு, வெளியே ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படும். ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவில் ஒரே தாயை நூற்றுக்கணக்கான தலைமுறைகள் இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குடுவையில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஆனால் திருகோணமலையில் தொடங்க நினைப்பவருக்கு இவை இரண்டையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. 2017இல் ரோமன் ஸ்டோக்கர், ஜஸ்டின் சீமோர் ஆகிய ஆய்வாளர்களின் குழுக்கள் கடனட்டை அளவிலான ஒரு சிப்பைக் கடலுக்குள்ளேயே இறக்கின. அதன் சிறு குழிகளில் வெவ்வேறு இரசாயனங்கள் இருக்கும். மணம் பிடித்த பற்றீரியா தானே நீந்தி உள்ளே வரும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மாரி வெள்ளம் மகாவலியில் இறங்கும்போது குடாவின் பற்றீரியாக்கள் எந்த உணவை நாடுகின்றன என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

சரி, குமிழுக்கு வருவோம். சிப் பற்றி எழுதுபவர்கள் பலர் மேலோட்டமாகக் கடந்துபோவது இங்கேதான். 2016இல் ஐ.பி.எம். கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிறு தூண்கள் வரிசையாக நிற்கும் சிப்பில் 20 நனோமீற்றர் வரையான துணிக்கைகளை அளவு பார்த்துப் பிரித்துக் காட்டினார்கள். அருமையான வேலை. மனித இரத்தக் குமிழ்களைப் பிடிக்க அவற்றின் மேற்பரப்புப் புரதங்களுக்கான பிறபொருளெதிரிகள் பூசிய சிப்களும் உண்டு. ஒரு துளி இரத்தம் போதும் என்பதால் மருத்துவத்தில் அவை மதிப்புள்ளவை. ஆனால் கடல் பற்றீரியாவின் குமிழில் அந்தப் புரதங்கள் இல்லை, அதனால் அவை இங்கே உதவாது.

அடுத்த சிக்கல் கனவளவு. கடல்நீரில் குமிழ்கள் மில்லிலீற்றருக்கு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை இருப்பதாக 2014இல் பில்லர், சிசோம் ஆகிய ஆய்வாளர்களின் குழு காட்டியது. பகுப்பாய்வுக்குப் போதுமான அளவு சேர்க்கப் பல லீற்றர் நீர் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலீற்றர் ஓடும் சிப்பில் ஒரு லீற்றரை விட்டால் முடிய 694 நாட்கள் ஆகும். நூறு சிப்களை ஒன்றாக ஓட்டினாலும் ஒரு வாரம் ஒரு லீற்றருக்கே போய்விடும்.

அதைவிடப் பெரிய தடை வைரசு. அதுவும் கிட்டத்தட்ட குமிழின் அளவுதான், எண்ணிக்கையோ மில்லிலீற்றருக்குக் கோடி அளவில். அளவை மட்டும் பார்க்கும் எந்த முறையும் இரண்டையும் ஒன்றாகத்தான் தரும். தூண் சிப்பும் அப்படி, பலர் விரும்பும் அளவுவாரி நிரலும் (நுண்துளை மணிகள் நிரப்பிய, துணிக்கைகளை அளவுப்படி பிரிக்கும் குழாய்) அப்படி. அடர்த்தி வேறுபடுவதால் இவற்றைப் பிரிக்க வழி இருக்கிறது. அதற்கு மேலிருந்து கீழாக அடர்த்தி கூடிக்கொண்டே போகும் படிநிலைக் கரைசலில், புவியீர்ப்பைப்போல் ஓர் இலட்சம் மடங்கு விசையில், பல மணி நேரம் சுழற்றும் அதிவேக மையநீக்கி வேண்டும். விலை கூடிய இயந்திரம், இடையில் மின்வெட்டு வந்தால் மாதிரியும் போச்சு. அப்படியிருந்தும் கடல்நீர்க் குமிழுக்கு நான் அதையே தேர்வேன். வடிகட்டிச் செறிவாக்குவதை இங்கேயே செய்துகொண்டு, சுழற்றுவதற்கு மட்டும் இயந்திரம் உள்ள ஊருக்கு மாதிரியைக் கொண்டுபோகலாம். குடுவையில் தனியாக வளர்த்த, வைரசு இல்லாத பற்றீரியா என்றால் நிரலே போதும்.

எந்த முறையானாலும் மாரிக்கால நீரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகாவலி கொண்டுவரும் வண்டல் சிப்பின் சந்தை அடைத்துவிடும். 5 மைக்ரோமீற்றர் வடியில் முதலில் வடித்தால் அடைப்பு குறையும். ஆனால் வண்டல் துகளில் ஒட்டி வாழும் பற்றீரியாக்களும் அதோடு போய்விடும். வெள்ளத்தோடு வந்தவற்றில் பல அந்தத் துகளில்தான் இருக்கும். அதனால் வடியில் தங்கிய சேற்றைக் கழுவி எறியாமல் தனிப் போத்தலில், தேதி எழுதி, குளிரில் வைத்திருங்கள்.