டெலிகிராம்: பாட் டோக்கனா, சொந்த நம்பரா?

வேளச்சேரி அபார்ட்மென்ட் குரூப்பில் தண்ணீர் லாரி நேரத்தைத் தானாகப் போட ஸ்கிரிப்ட் எழுதப்போய் அதை பாட் (ஸ்கிரிப்ட் இயக்கும் தானியங்கிக் கணக்கு) வழியாக ஓட்டுவதா, என் சொந்த நம்பரில் உள்ள கணக்கு வழியாக ஓட்டுவதா என்று நானும் குழம்பினேன்.

தொடங்க:
பாட் – பாட்ஃபாதரிடம் (பாட் உருவாக்கித் தரும் டெலிகிராமின் சொந்த பாட்) பெயர் கொடுத்தால் டோக்கன் (பாட்டை இயக்கும் ரகசியச் சாவி) கையில், 5 நிமிட வேலை.
சொந்தக் கணக்கு – டெலிகிராம் தளத்தில் ஏபிஐ (ஸ்கிரிப்ட் டெலிகிராமோடு பேசும் வழி) ஐடி, ஏபிஐ ஹேஷ் என்ற ரகசியக் குறியீடு இரண்டும் வாங்கணும். அப்புறம் டெலிதான் (டெலிகிராமுக்கான பைத்தான் லைப்ரரி) முதல்முறை ஓடும்போது போன் நம்பர் கேட்கும், ஆப்பில் வரும் குறியீட்டை டெர்மினலில் அடிக்கணும், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் வைத்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டும். ஒருமுறைதான், பிறகு செஷன் ஃபைல் (லாகின் விவரத்தைச் சேமித்து வைக்கும் ஃபைல்) பார்த்துக்கொள்ளும்.

எல்லை:
பாட் – தனி சாட்டில் தானாக யாரிடமும் பேச்சைத் தொடங்காது, அவர்கள்தான் ஸ்டார்ட் தட்டணும். வழக்கமான பாட் ஏபிஐயில் ஃபைல் இறக்க 20 எம்பி, ஏற்ற 50 எம்பி.
சொந்தக் கணக்கு – ஃபைல் 2 ஜிபி வரை, பழைய மெசேஜும் கிடைக்கும்.

கசிந்தால்:
டோக்கனை பாட்ஃபாதரிடமே மாற்றிவிடலாம். செஷன் ஃபைலோ வீட்டுச் சாவி மாதிரி. அதை ஸ்கிரிப்டோடு சேர்த்து கிட்டில் (நிரல்களைச் சேமிக்கும் கருவி) ஏற்றித் தொலைத்து, ராத்திரி 11 மணிக்கு டெலிகிராமில் என் கணக்கு திறந்திருக்கும் டிவைசஸ் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியேற்றியிருக்கிறேன்.

அறிவிப்பு போட பாட் போதும். பழைய மெசேஜ்களை அலசணும் என்றால் மட்டும் சொந்தக் கணக்கு, அதிலும் கண்டபடி மெசேஜ் தள்ளினால் கணக்கே முடங்கலாம். எங்கள் லாரிக்கு பாட்தான்.