டிஸ்கஸ் மீன்களுக்கு நான் வாங்கும் மூன்று உணவுகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு சிறிய வண்ணமீன் கடையில், சென்ற ஆண்டு இரண்டரை அங்குல அளவுள்ள ஏழு டிஸ்கஸ் குஞ்சுகளை வாங்கினேன். அன்றுமுதல் அவற்றுக்கான உணவையும் அதே கடையில்தான் வாங்கி வருகிறேன். மெதுவாக மூழ்கும் குறுணை உணவு, உறையவைத்த பிளட்வார்ம் (சிவந்த சிறு பூச்சிப்புழு), கடைக்காரரே அரைத்து உறையவைத்து விற்கும் மாட்டு இதயக் கலவை ஆகிய மூன்றையும் ஏறத்தாழ ஓராண்டு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். என் தொட்டி நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்டது. ஏறக்குறைய 250 லிட்டர் நீர் பிடிக்கும். வெப்பநிலையை 29 பாகை செல்சியஸில் வைத்திருக்கிறேன்.

உணவுகளைப் பற்றிச் சொல்வதற்கு முன் மீனின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டுப்போல் அகன்ற உடலைப் பார்த்துவிட்டுப் பெரிய உருண்டைகளை வாங்கிப் போடுபவர்கள் பலர். ஆனால் டிஸ்கஸின் வாய் மிகச் சிறியது. உணவை விழுங்கியும் உமிழ்ந்தும் தரையை ஊதி ஊதியும் நிதானமாகத் தின்னும் இயல்புடையது. அமேசான் ஆற்றுப் படுகையில் வாழும் டிஸ்கஸ்களின் குடலை ஆராய்ந்தவர்கள், பாசியும் மக்கிய தாவரப் பொருளும் பெரும்பங்காகவும் சிறு பூச்சிப்புழுக்களும் இறாலினங்களும் சிறுபங்காகவும் இருக்கக் கண்டிருக்கிறார்கள். இதை இறைச்சி தின்னும் மீன் என்று நினைத்துக்கொண்டு வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் குறுணை. நான் வாங்குவது டிஸ்கஸுக்கென்றே தயாரிக்கப்படும், ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள, செந்நிறக் குறுணை. மேலே சிறிது நேரம் மிதந்துவிட்டுப் பிறகு மெதுவாக இறங்குவதால், கூச்சமுள்ள மீனும் நடுநீரில் நின்றபடியே அதை எடுத்துக்கொள்ள முடிகிறது. புரதம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதும், பொருட்பட்டியலில் மீன்தூள், இறால், ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி போன்றவை முன்வரிசையில் வருவதும் நான் பார்த்து வாங்கும் குறிகள். கோதுமை மாவே முதலில் எழுதப்பட்டிருக்கும் மலிவான டப்பாக்களும் அதே அலமாரியில் இருக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குஞ்சுகள் வீட்டுக்கு வந்தபோது குறுணையைத் தொடவே இல்லை. கடைத் தொட்டியில் பிளட்வார்ம் மட்டுமே தின்று பழகியவை அவை. குறுணையை நொறுக்கி, உருகிய பிளட்வார்மோடு பிசைந்து, நாளுக்கு நாள் குறுணையின் அளவைக் கூட்டி வந்ததில் ஒன்பதாம் நாள் ஒரு மீன் தனிக்குறுணையை எடுத்தது. ஒன்று எடுத்தால் போதும், மற்றவை அதைப் பார்த்து வந்துவிடும். இப்போது போடுவதற்கு முன் தொட்டி நீரிலேயே ஓரிரு நிமிடம் ஊறவைக்கிறேன். அதற்குமேல் ஊறினால் நீரில் கரையும் வைட்டமின்கள் வெளியேறிவிடும் என்பதால் நேரத்தைக் கவனித்துக்கொள்கிறேன்.

இந்த உணவில் எனக்குள்ள குறை கடையின் விற்பனை முறையைப் பற்றியது. பெரிய டப்பாவைத் திறந்து, சிறு நெகிழி உறைகளில் பிரித்துக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தயாரித்த நாளும் இல்லை, காலாவதி நாளும் இல்லை. திறந்த குறுணையில் வைட்டமின் சி விரைவாகக் குறையும். கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கும். ஆண்டில் இரண்டு பருவமழை பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிப்பதற்கும் நாளாகாது. ஒருமுறை வாங்கிய உறையைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. அப்படியே குப்பையில் கொட்டினேன். அதன்பின் முத்திரை உடையாத 100 கிராம் டப்பாவை மட்டுமே வாங்கி, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று மாதங்களுக்குள் தீர்த்துவிடுகிறேன்.

எத்தனை முறை கொடுப்பது என்ற கேள்விக்குக் கடைக்காரர் முதல் நாளே சொன்ன விடை இன்னும் எனக்கு உதவுகிறது. "சார், இது எவ்வளவு குடுத்தாலும் தின்னும். நிறுத்த வேண்டியது நாமதான்" என்றார். குஞ்சுகளுக்கு அடிக்கடி வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக வேண்டும். மூன்று அங்குலத்தைத் தாண்டும்வரை நாளுக்கு ஐந்து முறை கொடுத்தேன்: காலை ஆறரைக்கு, பள்ளிக்குக் கிளம்புமுன் எட்டேகாலுக்கு, திரும்பியதும் மாலை நான்கே முக்காலுக்கு, பிறகு ஏழு மணிக்கு, கடைசியாக ஒன்பதுக்கு. பகலில் எட்டரை மணி நேரம் இடைவெளி விழுவதை எண்ணி வருந்தி, நண்பகலில் ஒருமுறை போடும்படி என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பசிக்குமே என்ற பரிவில் கைநிறையப் போட, தரையில் குறுணை ஊறி வெள்ளைப் பஞ்சாகி நீர் கலங்கியது. அதன்பிறகு ஒரு சிறு தேக்கரண்டி அளவைக் காட்டி, அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லி, அளந்த உறைகளில் கட்டி வைத்துவிட்டுப் போனேன். அதுவே இன்றுவரை நடக்கிறது.

ஐந்து நிமிடத்தில், மிஞ்சினால் பத்து நிமிடத்தில், தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும். மீதியைக் குழாய்வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 29 பாகையில் எதுவும் சீக்கிரம் அழுகும், அழுகியது அம்மோனியாவாகும். அடிக்கடி உணவு கொடுப்பவர் அடிக்கடி நீரும் மாற்றத்தான் வேண்டும். குஞ்சுப் பருவத்தில் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். குழாயில் வரும் முக்கடல் அணை நீரை முதல் நாள் இரவே பெரிய வாளிகளில் பிடித்து, காற்றுக்குழாய் போட்டுக் குளோரினைப் போக்கி, ஹீட்டரால் சூடாக்கிய பிறகே ஊற்றுவேன். இந்த உழைப்புக்கு நேரமில்லாதவர்கள் ஐந்து வேளை உணவு கொடுக்கக் கூடாது. பெரிய மீன்களாகவே வாங்கி இரண்டு வேளையோடு வளர்ப்பது மீனுக்கும் நல்லது. என் மீன்கள் ஐந்து அங்குலத்தைத் தாண்டியபின் மூன்று வேளையாகக் குறைத்தேன். முழு வளர்ச்சி பெற்றபின் இரண்டு வேளையும், வாரம் ஒருநாள் பட்டினியும் போதும் என்று வைத்திருக்கிறேன். விளக்கு எரிந்து அரைமணி கழித்து முதல் உணவும், அணைக்க ஒருமணிக்கு முன் கடைசி உணவும் என்ற ஒழுங்கையும் மாற்றுவதில்லை.

இளம்பருவத்தில் உணவும் நீரும் குறைந்து வளர்ந்த மீனைக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். உடல் வளராமல் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். வட்ட வடிவம் நீண்டு முட்டைபோல் ஆகும். அப்படியான மீனைப் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் வடிவம் திரும்புவதில்லை. வாங்கும்போதே இதைக் கவனியுங்கள்.

அடுத்தது பிளட்வார்ம். பெயரில் புழு என்று இருந்தாலும் அது மண்புழு இனம் அன்று. கடிக்காத, கொசுபோன்ற ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதற்கும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. மீன்கள் இதற்காகக் கண்ணாடியில் வந்து முட்டும். புதிதாக வந்து பயந்து ஒளியும் மீனையும், நோயிலிருந்து தேறும் மீனையும் உண்ண வைக்க இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாங்குபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 கிராம் தகட்டுக்கு நான் 160 ரூபாய் கொடுக்கிறேன். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர். மீனின் வயிற்றில் சேரும் சத்து பத்துக் கிராம் அளவே. குறுணை டப்பாவின் விலை நான்கு மடங்கு என்றாலும், அதில் நீர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சத்துக்குச் சத்து பார்த்தால் குறுணைதான் மலிவு. பிளட்வார்மை மட்டுமே தின்று வளரும் மீன் வயிறு நிறைந்தும் சத்துக் குறைந்ததாகவே இருக்கும். ஆகவே நாளுக்கு ஒருமுறைக்கு மேல் நான் கொடுப்பதில்லை. கட்டியை அப்படியே போடாமல், கிண்ணத்தில் உருக்கி, சல்லடையில் ஊற்றி அந்தச் செந்நீரை வடித்துவிட்டே போடுகிறேன்.

இதில் நேர்ந்த ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆனி மாத மழையில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லாத ஒரு நாளுக்கு மறுநாள் வாங்கிய தகட்டில், புழுக்கள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்க, மறுபக்கம் வெறும் பனிக்கட்டியாக இருந்தது. உருக்கியபோது புழுக்கள் செந்நிறம் இழந்து பழுப்பாகவும், தோல் பிய்ந்து கஞ்சியாகவும் இருந்தன. ஒருமுறை உருகிய பொருளை மீண்டும் உறையவைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கடைக்காரரிடம் காட்டியதும் மறுபேச்சின்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேர்மையை மதிக்கிறேன். இருந்தாலும் உறைபெட்டிக்கு மாற்று மின்சாரம் இல்லாத கடையில் மழைக்காலத்தில் இந்தப் பொருளை வாங்குபவர்கள், தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, புழுக்கள் சீராகப் பரவியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். இன்னொன்று: பிளட்வார்ம் சிலருக்கு ஒவ்வாமை தரும். என் மனைவிக்கு அதைத் தொட்ட அரைமணியில் கண் அரிப்பும் தும்மலும் வந்தன. இப்போது இடுக்கியால்தான் எடுக்கிறோம்.

மூன்றாவதான மாட்டு இதயக் கலவையைப் பற்றி எனக்கு இரு மனம் உண்டு. கொழுப்பும் நரம்பும் நீக்கிய மாட்டு இதயத்தோடு இறால், பசலைக்கீரை, பூண்டு, ஸ்பைருலினாத் தூள் சேர்த்து அரைத்து, ஜெலட்டினால் கட்டி உறையவைத்துத் தருகிறார். மாட்டிறைச்சி எளிதாகக் கிடைக்கும் நம் மாவட்டத்தில் இது புதிதாகவே இருக்கும் என்பது ஒரு வசதி. கலவை கொடுத்த நான்கு மாதங்களில் என் குஞ்சுகள் வளர்ந்த வேகம் கண்ணுக்குத் தெரிந்தது. அதே நான்கு மாதங்களில் வடிகட்டிப் பஞ்சைக் கழுவிய எண்ணிக்கையும் இரட்டிப்பானது. இறைச்சித் துகள் நுண்மையாகப் பரவி மணலுக்குள் இறங்குகிறது. நீரின் மேல் எண்ணெய்ப்படலம் கட்டுகிறது. மாட்டுக் கொழுப்பு 29 பாகையில் உருகாது, கட்டியாகவே இருக்கும்; அத்தகைய கொழுப்பு மீனின் இயல்பான உணவில் இல்லாத ஒன்று. ஆகவே இதை வளரும் பருவத்துக்கு உரியதாக மட்டும், அதுவும் அடியில் மணலில்லாத தொட்டியில், நாளுக்கு ஒருவேளை என்ற அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. வளர்ந்த மீனுக்கு நான் நிறுத்திவிட்டேன்.

அதற்கு மாற்றாக, குளச்சலிலிருந்து வரும் சிறு இறாலை வாங்கி, உப்பில்லாமல் அவித்து, ஓடு உரித்து, பசலைக்கீரையும் ஸ்பைருலினாவும் சேர்த்து அரைத்து, மெல்லிய தகடாக உறையவைத்துக்கொள்கிறேன். நீர் கலங்குவது பெரிதும் குறைந்தது. இறாலினத்தில் இருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறப்பொருள் சிவப்பு வகை டிஸ்கஸ்களின் நிறத்துக்கும் உதவுகிறது.

அதே கடையில் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவும் கிடைக்கிறது. சாக்கடை ஓடைகளில் எடுக்கப்படும் அந்தப் புழுவோடு என்ன நோய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்காதீர்கள்.

மழைக்காலத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. அன்று என்னிடம் டிஸ்கஸ் இல்லை, ஏஞ்சல் மீன்கள் இருந்தன. இருட்டில் ஒடுங்கிக் கிடந்த அவற்றைப் பார்க்கப் பொறுக்காமல் வேளை தவறாமல் உணவு போட்டேன். வடிகட்டி ஓடாத நீரில் அந்த உணவே நஞ்சாகி, மூன்றாம் நாள் காலையில் எல்லாம் மேலே மிதந்தன. நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றி இருக்கும். காற்றின்றி, கெட்ட நீரில் ஓரிரவு இருக்காது. இப்போது மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப்பைப் போட்டுவிட்டு, உணவை உடனே நிறுத்திவிடுகிறேன். மின்சாரம் வந்து, வெப்பநிலை 28க்கு ஏறி, வடிகட்டி சிலமணி நேரம் ஓடிய பிறகே ஒரு சிட்டிகைக் குறுணை போடுகிறேன்.

கடையைப் பற்றி ஒருவரி: உணவு வாங்க வருபவரிடம் தொட்டியின் அளவையும் மீனின் அளவையும் கேட்ட பிறகே எடுத்துக் கொடுக்கிறார் என்பதற்காகவே நான் அங்கே தொடர்ந்து போகிறேன். குறுணையை முத்திரையோடு விற்கவும், உறைபெட்டிக்கு ஓர் இன்வெர்ட்டர் வைக்கவும் வேண்டுமென்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இன்வெர்ட்டருக்கு விலை கேட்டிருப்பதாகச் சென்ற வாரம் சொன்னார். அது வரும்வரை, மார்கழி பிறந்து மழை ஓயும்வரை, அங்கே குறுணை டப்பா மட்டும் வாங்குவதாக இருக்கிறேன்.