ஆயில் விளக்கு எரிந்தால், கேஜ் வைத்துப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்

நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்று எங்கள் லாரிக்குச் செய்த வேலையை, லாரி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து நாமக்கல்லுக்குச் சரக்குடன் வந்த வண்டியில், கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்திருக்கிறது. ஓட்டுநர் உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தினார். அந்த விளக்கு எரிந்த பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்பதால், அவர் செய்தது மிகவும் சரி. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையவில்லை, இன்ஜினில் தட்டும் சத்தமும் இல்லை. ஆனால் பட்டறையிலிருந்து வந்தவர், ஆயிலின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் எதையும் வைத்துப் பார்க்காமலேயே, "அண்ணே, ஆயில் பம்ப் போயிடுச்சு, பேரிங்கும் தேஞ்சிருக்கு, இப்படியே எடுத்தா கிராங்க் புடிச்சிக்கும்" என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னார். பம்ப், பேரிங், கேஸ்கட், கூலி என 58,000 ரூபாய்க்குப் பில் வந்தது. கழற்றிய பழைய உதிரிபாகங்களைக் கேட்டதற்கு, பழைய இரும்புக்காரர் எடுத்துச் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

வண்டி நாமக்கல் வந்து சேர்ந்ததும் ஓட்டுநர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: "சாவி போட்டா ஆயில் லைட்டே எரியலைங்கண்ணே." எங்கள் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தபோது, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் போல்ட்டுகளில் பல மாதத்துத் தூசியும் ஆயிலும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தன, ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றில்கூட இல்லை. அந்தச் சம்ப்பைக் கழற்றாமல் எங்கள் இன்ஜினில் பம்ப்பையோ பேரிங்கையோ தொடவே முடியாது. ஆயில் ஃபில்டரை ஒட்டி பிளாக்கில் இருக்கும் பிரஷர் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கி, டேப் சுற்றி, பின்னால் சொருகியிருந்தார்கள். சுவிட்சின் முனை ஆயிலில் ஊறிக் கிடந்தது.

இந்தச் சுவிட்ச், பிரஷர் இல்லாதபோது ஒயரை எர்த்துடன், அதாவது இன்ஜினின் உலோக உடலுடன், இணைத்து விளக்கை எரிய வைக்கும். இன்ஜின் ஓடிப் பிரஷர் ஏறியதும் இணைப்பைத் துண்டித்து விளக்கை அணைக்கும். உள்ளே பழுதானால், பிரஷர் நன்றாக இருந்தாலும் விளக்கு எரியும். ஒயரைக் கழற்றிய பிறகும் எரிந்தால், ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது என்று பொருள். கழற்றியதும் அணைந்தால், சுவிட்சைச் சந்தேகிக்கலாம். ஆனால் பிரஷரே இறங்கியிருந்தாலும் அப்படித்தான் அணையும். ஆகவே சுவிட்ச் இருந்த துளையில் கேஜைப் பொருத்திப் பார்ப்பதே உறுதியான வழி. எங்கள் மெக்கானிக் அவ்வாறு பார்த்தபோது, சூடான இன்ஜின் ஐடிலிங்கில் 1.5 பார் காட்டியது. வேகம் கூட்டியபோது 4 பாரைத் தொட்டது (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதாவது, பிரஷர் நன்றாகவே இருந்தது. சில நூறு ரூபாய்க்குப் புதிய சுவிட்ச் மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. எர்த் சுவிட்சின் உடல் வழியாகவே செல்வதால், மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றக் கூடாது என்றும் அவர் கூறினார்.

பணம் போனதைவிட, அந்த ஒயரைப் பிடுங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வரும் வழியில் உண்மையிலேயே பிரஷர் இறங்கியிருந்தால், ஓட்டுநருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைத்திருக்காது. பாரம் ஏற்றிய வண்டியின் இன்ஜின் ஓட்டத்திலேயே இறுகியிருக்கும். சம்ப்பின் படங்களையும் பில்லையும் பட்டறைக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இதுவரை பதில் இல்லை. வெளியூரில் வண்டியைப் பட்டறையில் விட நேர்ந்தால், கேஜ் காட்டும் அளவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; கழற்றிய பாகங்கள் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்; புறப்படும் முன் சாவியைப் போட்டு, ஆயில் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்று ஓட்டுநரைப் பார்க்கச் சொல்லுங்கள்.